கல்லூரிப் பணிக்கு நடுவே நாவல் எழுதுவது: சேலத்திலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகி

நண்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டமொன்றில் வேலை செய்யும் குடும்பத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாக எழுதிவரும் நாவல் பாதியில் நிற்கிறது. நேரமின்மை எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்கு அதைவிடப் பெரிய தடைகள் இரண்டு உள்ளன.

வகுப்பின் மொழி என் கதைக்குள் புகுந்துவிடுகிறது. பகல் முழுவதும் ஒரு சிறுகதையைக் கரு, பாத்திரப் படைப்பு, உத்தி என்று பிரித்துச் சொல்லி, தேர்வில் எழுதுவதற்கு ஏற்றபடி குறிப்பும் கொடுத்துவிட்டு இரவில் நாவலைத் திறந்தால், என் கதைமாந்தர் தாங்கள் எதற்காக வருந்துகிறார்கள் என்பதைத் தாங்களே விளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களை எப்படி அமைதிப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்று, மலையின் ஆண்டும் கல்லூரியின் ஆண்டும் பொருந்திவராதது. பழம் பறிக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் இங்கே பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தலும் நடக்கின்றன. பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்து, எட்டுப் பத்து நாட்களில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, அந்தப் பூவும் சில நாட்களில் வாடிவிடும். அப்போது உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் வந்துவிடுகின்றன. மே மாதத்தில் ஏற்காட்டுக்குப் போனால் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் வந்த கூட்டம்தான் கண்ணில் படுகிறது. அந்த மாதத்திலும் மாணவர் சேர்க்கைக்காக எங்களை ஊர் ஊராக அனுப்புகிறார்கள். வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை. கற்பிப்பதை நான் மிகவும் விரும்புகிறேன். இப்படிப்பட்ட நிலையில் எழுதுபவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில்: கோரிமேடு, ஓய்வுபெற்ற பேராசிரியர்

அம்மா, உங்கள் முதல் தடையை நானும் நன்கு அறிவேன். முதல் வரைவை எழுதும் வேலையையும் எழுதியதைத் திருத்தும் வேலையையும் ஒரே பருவத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வரைவுக்கு அறுபடாத நாட்கள் சில வேண்டும். அது பருவத் தேர்வு முடிந்து அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியிலோ, சேர்க்கைப் பணி ஓய்ந்த பின்னரோதான் இயலும். திருத்தலை வகுப்பு நடக்கும் மாதங்களில் ஒரு பக்கம், அரைப் பக்கம் என்றுகூடச் செய்யலாம். மாணவர் கட்டுரையில் சொன்னதையே திரும்பச் சொல்லும் வரியைக் கண்டதும் சிவப்பு மையால் அடித்துப் பழகிய கண் உங்களுடையது. உங்களுக்குத் தொல்லை தரும் அந்த விளக்க வரிகளை வரைவில் வரட்டும் என்று விட்டுவிட்டு, ஜூலையிலோ ஆகஸ்டிலோ அந்தக் கண்ணைக் கொண்டே நீக்குங்கள். வகுப்பில் ஒரு கதையை விளக்குவதற்கு முன் முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதும் உதவும்; உரையாடல் எங்கே இயல்பாக ஓடுகிறது, எங்கே தடுக்கிறது என்பதைக் காது கற்றுக்கொள்ளும்.

மலையில் இருக்க முடியவில்லையே என்பதற்கு அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. 1968-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைப் பின்னணியாகக் கொண்ட நாவலுக்காக 1977-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்திரா பார்த்தசாரதி, அக்காலத்தில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துவந்தவர். தஞ்சைக்கும் தில்லிக்கும் உள்ள தொலைவை நினைத்துப் பாருங்கள்.

பதில்: ஆத்தூர், கௌரவ விரிவுரையாளர்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் விடுமுறையை நம்பி எழுதும் வழி எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாதம் ஊதியமில்லாத மாதம்; அப்போது வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே வகுப்பு நடக்கும் நாட்களிலேயே விடியற்காலையில், மாணவர் முகங்கள் மனத்துக்குள் வருவதற்கு முன்பாகவே நான் எழுதுகிறேன். மாலையில் எழுதியவற்றில் நீங்கள் சொல்லும் அதே விளக்கக் குரலை நானும் கேட்டிருக்கிறேன், காலையில் எழுதியவற்றில் அது குறைவு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்று உள்ளது. பல கல்லூரிகளில் அதைவிடக் கூடுதலாகவே வகுப்புகள் தருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்புகளைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது கடினம். ஆனால் கால அட்டவணையைத் தயாரிக்கும்போதே துறைத் தலைவரிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாட்களுக்கு முதல் பாடவேளை இல்லாமல் அமைத்துத் தரும்படி கேட்கலாம். அட்டவணை ஒட்டப்பட்ட பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

பதில்: நாகலூர், தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவள்

அம்மா, மே மாதத்தில் எங்கள் மலையில் சுற்றுலாக் கூட்டம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன் கோயில் திருவிழா அந்த மாதத்தில்தான் வருகிறது. மலையாளி என்று அழைக்கப்படும் எங்கள் மலையின் பழங்குடி மக்கள் மலைக் கிராமங்களிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். ஏரிப் பக்கம் போகாமல் கோயில் பக்கம் வாருங்கள். பறிப்புக் காலத்தில் ஒரே ஒரு நாள் வர முடிந்தாலும், மாலையில் பழத்தை எடை போடும் இடத்தில் நில்லுங்கள். பகலில் குனிந்து பறிப்பவர்களிடம் கேள்வி கேட்டால் அவர்களுக்கு வேலை கெடும், கூலியும் குறையும்.

பேராசிரியர் ஐயா தொலைவு தடையில்லை என்கிறார். எழுதுபவருக்கு அது சரியாக இருக்கலாம். எங்களைப் பற்றிய எழுத்தில் காப்பிப் பூவும் பனியும் இருந்து, கூலியும் முதுகு வலியும் விட்டுப்போனால் எங்களுக்கு அது வலிக்கும்; அதனால்தான் நேரில் வரச் சொல்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாள்தோறும் சேலத்துக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அவர்களிடம் பேசுங்கள், ஆனால் நாவல் எழுதுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் கேட்கும்போது ஒரு பிள்ளையால் மறுக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு என்பதை நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும்.

அஸ்தம்பட்டி வாசகி

மூவருக்கும் நன்றி. கடைசிப் பதிலை வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டினேன். முதல் பாடவேளையைப் பற்றி இந்த வாரமே துறைத் தலைவரிடம் பேசுகிறேன். நாகலூர்ச் சகோதரிக்கு ஒரு கேள்வி: இவ்வாண்டு உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பறிப்பு எந்த வாரத்தில் தொடங்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள். தேர்வுக் கண்காணிப்புப் பட்டியல் போடுவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.