காஸ்பல் புளூகிராஸ்: நடுவுல ஒரே மைக்கா, ஆளுக்கொரு மைக்கா?

சுருதிப்பெட்டி:
காஸ்பல் புளூகிராஸ்னா அமெரிக்க நாட்டுப்புற வாத்தியங்களோட பாடுற கிறிஸ்தவ பக்திப் பாட்டு. அதுக்கு மேடையிலயும் பதிவுலயும் ஒரே மைக் போதும் என்பது என் கட்சி. கிட்டார், மேண்டலின், பேஞ்சோ, ஃபிடில், டபுள் பாஸ்னு அஞ்சு பேர். அதுல நாலு பேர் பாடுறாங்க. சின்ன சர்ச் ஹால், கச்சேரியும் பதிவும் அங்கேயேன்னு வச்சுக்கங்க. பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் (சின்ன சத்தத்தையும் பிடிக்கும்), கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகமா எடுக்கிற வகை), கேபிள் வழியா 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம். லீட் (முக்கிய மெட்டு) பாடுறவரோட மோவாய் உயரம், வாயிலிருந்து 40 செ.மீ. தூரம் இரட்டிச்சா சத்தம் 6 டெசிபல் இறங்கும். அதனால முன்ன பின்ன நகர்றதே சத்தத்தை ஏத்தி இறக்குற ஃபேடர். டெனர் (லீடுக்கு மேல பாடுற) குரல் குத்தும், அவர் அரை அடி தள்ளி நிக்கட்டும். புளூகிராஸ் முன்னோடிகள் ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் காலத்துலருந்து டெல் மெக்கவுரி குழு வரைக்கும் இப்படி ஒரே மைக்கைச் சுத்தி வாசிச்சவங்கதான்.

வயர்சுற்றி:
பார்க்க அழகு, மறுக்கல. ஆனா 10 செ.மீ.ல பாடுறதுக்கும் 40 செ.மீ.ல பாடுறதுக்கும் 12 டெசிபல் வித்தியாசம். அதை மிக்சர்ல ஏத்தினா ஸ்பீக்கர் சத்தம் மைக்ல திரும்ப ஏறி ஹால் கூவும். காலடியில மானிட்டர் (பாடுறவங்க தங்களைக் கேக்குற ஸ்பீக்கர்) வைக்கவே முடியாது. பதிவுல இன்னும் மோசம்: பாரிடோன் (லீடுக்குக் கீழ பாடுறவர்) ஒரு இடத்துல சுருதி இறங்கினா நாலு பேரும் மறுபடி பாடணும். தூரத்துச் சத்தத்தை அவ்வளவா பிடிக்காத டைனமிக் மைக் ஆளுக்கொண்ணு வைங்க. வாய்க்கும் மைக்குக்கும் 15 செ.மீ.ன்னா, மைக்குக்கும் மைக்குக்கும் குறைஞ்சது 45. மூணு மடங்குக் கணக்கு.

சுருதிப்பெட்டி:
மானிட்டர் இல்லாததுதான் சார் லாபமே. பக்கத்துல நிக்கிறவர் குரல் நேரா காதுல விழுது, சேர்ந்து பாட வேற என்ன வேணும்? ஸ்பீக்கரை மைக்குக்கு நல்லா முன்னால தள்ளி, ஜனங்க பக்கம் திருப்புங்க. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டு, சத்தத்தை மெதுவா ஏத்துங்க. முதல்ல எது கூவுதோ அந்த இடத்தை மட்டும் குறுகலா 3–4 டெசிபல் இறக்குங்க. நாலு இடத்துக்கு மேல இறக்கினா குரல் தகர டப்பாவுக்குள்ளருந்து வர்ற மாதிரி ஆயிடும். டபுள் பாஸ் மட்டும் விதிவிலக்கு. அதுக்கு பிக்கப் (வாத்தியத்துலயே பொருத்துறது), தனி சேனல்.

பாரிடோனைத் திருத்தலாம்ங்கிறீங்க. ஒரே அறையில நாலு மைக் வச்சா, அந்த இறங்கின சுரம் மத்த மூணு மைக்லயும் ஏறியிருக்கும். அவர் டிராக்கை மட்டும் ட்யூன் பண்ணா, சரியான சுரமும் தப்பான சுரமும் ஒண்ணாக் கேக்கும். தப்பு முன்ன இருந்ததைவிடப் பளிச்சுனு தெரியும்.

வயர்சுற்றி:
அது நியாயம். அப்ப வாத்தியங்களை முதல்ல பதிஞ்சு, குரல்களை அடுத்த நாள் தனியாப் பதியட்டும்.

எட்டுக்கம்பி:
ரெண்டு பேரும் பேஞ்சோவை மறந்துட்டு சண்டை போடுறீங்க. 1940-களில் புளூகிராஸோட தந்தைன்னு சொல்ற பில் மன்றோவோட நால்வர் காஸ்பல் பதிவுகள் பலதுல பேஞ்சோவும் ஃபிடிலும் கிடையாது. கிட்டாரும் மேண்டலினும் போதும்னு விட்டாங்க. நாலு குரல் சேர்ற பாட்டுல பேஞ்சோவையும் ஃபிடிலையும் உட்கார வச்சாலே உங்க பஞ்சாயத்துல பாதி தீரும்.

குரல் பங்கீட்டை மைக்குக்கு முன்னாடி முடிங்க. ஜி கார்டுல லீட் ஜி பாடினா டெனர் மேல பி, பாரிடோன் கீழ டி, பாஸ் அடியில ஜி. நம்ம கணக்குல ச, க, மந்திர ப, மந்திர ச. லீட் பி-க்கு ஏறின உடனே டெனர் டி-க்குப் போகும். பாரிடோன் ஜி-யைப் பிடிக்கணும். அங்கதான் பாரிடோன் பழக்கதோஷத்துல லீட் பாடுற சுரத்துக்கே வழுக்கி விழுவார். அந்த ஒரு வரியை மட்டும் வாத்தியம் இல்லாம, வார்த்தை இல்லாம 'ஊ'ன்னு பாடவிட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

சுருதிப்பெட்டி:
இதை ஒத்துக்கறேன். ஆனா அடுத்த நாள் குரல் பதியறதுக்கு நான் வரல. காஸ்பல் பாட்டுல கடைசி வரி இழுத்து நிக்கும். எவ்வளவு இழுக்கணும்னு பாடுறவங்க மூச்சுதான் முடிவு பண்ணும். வாத்தியம் முன்னாடியே பதிவாயிட்டா, உறைஞ்சு கிடக்கிற இழுப்புக்குப் பின்னால குரல் ஓடணும். மூணு தடவை முழுசாப் பாடிட்டு, சரணத்துக்கு நடுவுல மூச்சு விடுற இடத்துல ஒட்டுங்க.

வயர்சுற்றி:
ஒட்டலாம், வேகம் மூணுலயும் ஒண்ணா இருந்தா. ரெண்டாவது டேக்ல எல்லாரும் சூடேறி ஓடுவாங்க, முதல் டேக்கோட சேராது. பாடும்போது காதுல தாளம் தட்டுற கிளிக் வேண்டாம்னா, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி மெட்ரோனோம்ல எட்டு அடி கேட்டுட்டு நிறுத்திடுங்க. லெவல் 24 பிட்ல, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். நாலு பேர் ஒண்ணா உச்சிக்குப் போற பல்லவியில சோதிச்சுட்டு வைங்க, தனிக்குரல்ல வச்சா பல்லவியில அளவு மீறிக் கிளிப் ஆகும் (சத்தம் சிதையும்).

எட்டுக்கம்பி:
ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி மேண்டலினை ட்யூனர்ல காட்டுங்க, ஜோடிக் கம்பி ஒண்ணு நகர்ந்தாலும் கண்டென்சர் காட்டிக் கொடுத்திடும். கிட்டார் கழுத்துல கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற காப்போ மாட்டினாலும் அப்படித்தான், சுருதி கொஞ்சம் ஏறும். கச்சேரியில இன்னொண்ணு: தனியா வாசிக்க மைக்குக்கு வரும்போது எல்லாரும் ஒரே பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வாங்க. எதிரெதிரா வந்தா கிட்டார் தலை மைக் ஸ்டாண்டுல இடிக்கும். வேகமா வந்து 'டொக்'னு விழுந்தா அது பதிவுல உட்கார்ந்துக்கும், எந்த ஃபில்டரும் எடுக்காது.