இரத்மலானை விமானங்களைப் பார்க்கப் போகிறோம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஹட்டனிலிருந்து கூட்டாளிமார் சேர்ந்து வேன் பிடித்து இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்குவதாகத் திட்டம். எனக்கு முக்கியம் 1971இல் சோவியத்திலிருந்து வந்த மிக்-17 ஜெட் போர் விமானம்தான். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காற்றை உள்ளிழுக்கும் வாயைத் திறந்தபடி நிற்குமே, அது! பக்கத்தில் நின்று படம் எடுக்க விடுவார்களா? அடையாள அட்டை போதுமா, முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டுமா?

கூட வருகிற ஒருவனுக்கோ யுத்த தாங்கி பார்த்தே ஆகவேண்டுமாம். அதற்காகத் திருகோணமலை ஓர்ஸ் ஹில் இராணுவ அருங்காட்சியகம் வரை போகலாமா? கண்டி, தம்புள்ளை, ஹபரணை என்று அது வேறு திசை. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்தால் சாரதி எங்களை நடுவழியிலேயே இறக்கிவிடுவார்.

அப்புறம், வேனுக்குக் கிலோமீற்றருக்கு இப்போது எவ்வளவு கேட்கிறார்கள்? போய்வந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.