தனியாகப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடியிலிருந்து

என் தங்கை படிப்புக்காக ஜெர்மனி போகிறாள். பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இதுவரை அவள் தனியாகப் போன அதிகபட்ச தூரம் சென்னை, அதுவும் லேடீஸ் பெட்டியில். போய் வந்த பெண்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், அது சொந்தக்காரர்களிடமே தாராளமாகக் கிடைக்கிறது.

முதலில் நானே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வியட்நாமில் ஹோ சி மின் நகரம், ஐந்து நாள். ரோடு தாண்டுவதுதான் அங்கே முதல் பரீட்சை. நம் வேலூர் கிரீன் சர்க்கிளில் வண்டி வந்தால் நிற்போம், இடைவெளி கிடைத்தால் ஓடுவோம். அங்கே இரண்டும் கூடாது. பைக்குகள் விட்டுவிட்டு வருவதில்லை, ஆறு மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் அவர்களே விலகிப் போவார்கள். பத்து நிமிடம் ஓரத்தில் நின்று பார்த்தேன். காய்கறிக் கூடையோடு ஒரு பாட்டி இறங்கினாள், அவள் நிழலிலேயே நானும் தாண்டிவிட்டேன். அடுத்த நாள் எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதே மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தாள்!

பணத்தில்தான் ஏமாந்தேன், அதுவும் என் தப்பு. 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். இளநீர்க்காரம்மாவிடம் பெரியதைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்து கையில் திணித்தாள். நம் பணத்தில் ஆயிரத்து அறுநூறுக்கு மேல். வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறவள் நான், வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலம் அங்கிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தமிழர்கள் கட்டிய கோயில், இன்று கும்பிட வருவதில் வியட்நாம்காரர்களே அதிகம். வாசலில் மல்லிகைப்பூ வாசனை வந்தபோதுதான் ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்றே உறைத்தது.

ராணிப்பேட்டையிலிருந்து

நான் ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். மிலானில் வருடத்துக்கு இரண்டு முறை லீனியாபெல்லே என்று தோல் கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு முறையும் முதலாளியோடு மேனேஜர் போவார். அந்த வருடம் இருவருக்குமே கடைசி நேரத்தில் முடியாமல் போய், சாம்பிள் பெட்டியை என் தலையில் கட்டினார்கள். இருபத்து மூன்று கிலோ. வீட்டில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆயாதான் சொன்னாள்: "இன்னாடி பயம்? வாய் கீதுல்ல, கேட்டுகினே போ."

அந்த ஊர் மெட்ரோவில் சிவப்பு லைன் பகானோ என்ற ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கண்காட்சி நடக்கும் ரோ ஃபியேராவுக்கு, இன்னொன்று பிஷேல்யே என்ற இடத்துக்கு. காட்பாடியில் நின்று எல்லா வண்டியும் ஜோலார்பேட்டைக்குத்தான் போகும் என்று நினைத்து திருப்பதி வண்டியில் ஏறினால் எப்படி? அதேதான் செய்தேன். நாலு ஸ்டேஷன் போன பிறகு, கழுத்தில் கண்காட்சி அட்டை மாட்டிய ஒருவர்கூட பெட்டியில் இல்லையே என்று பார்த்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. எதிரே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம் அட்டையைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இடது கையில் இரண்டு விரலை விரித்து கிளை மாதிரி காட்டி, ஒன்றைத் தட்டி "நோ" என்றார், இன்னொன்றைத் தட்டி "ஃபியேரா" என்றார். அடுத்த ஸ்டேஷனில் என்னோடு இறங்கி, எதிர் பிளாட்பாரம் வரை பெட்டியின் ஒரு பிடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபது வயது இருக்கும். அன்றிலிருந்து எந்த ஊரிலும் வழி கேட்க நான் தேடுவது வயதான அம்மாக்களைத்தான்.

இன்னொன்று, அங்கே சாதாரண நகர டிக்கெட் ரோ வரை செல்லாது. வெளி மண்டலத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், வெளியே வரும்போதும் கேட்டில் காட்ட வேண்டும். முதல் நாள் ஒரு கொரியாக்காரர் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டியதைப் பார்த்தேன்.

கடைசி நாள் டுவோமோ சர்ச்சைப் பார்க்கப் போனேன். சதுக்கத்தில் ஒருவன் சிரித்த முகமாக வந்து கையில் கலர் கயிறு கட்டினான். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் யார் கயிறு கட்டினாலும் கையை நீட்டிப் பழகிய எனக்கு நீட்டாமல் இருக்கத் தெரியவில்லை! கட்டி முடித்ததும் பத்து யூரோ கேட்டான். கூட இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். பர்ஸைத் திறந்திருந்தால் மொத்தமும் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யோசிக்கவெல்லாம் இல்லை. சட்டைப்பையில் இருந்த சில்லறையைக் கையில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கும்பலாக நின்ற பக்கம் விறுவிறுவென்று நடந்தேன். அந்தக் கயிற்றை அறுக்கவில்லை, ஆபீஸ் டிராயரில் கிடக்கிறது. ஆர்டரும் வந்தது. அதற்கடுத்த வருடம் மேனேஜர் போகவில்லை, நான்தான் போனேன்.

ஆம்பூரிலிருந்து

பாரிஸ் மெட்ரோவில் கூட்டத்தோடு கூட்டமாக என் தோள்பைக்குள் ஒரு கை போனது. "ஏய், எடுடா கைய!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. கை காணாமல் போனது. பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன பிள்ளை, ஊரிலயிருந்து வந்தனீங்களோ? பையை முன்னுக்குப் போடுங்கோ." யாழ்ப்பாணத்து அம்மா. லா ஷப்பேல் பக்கம் முழுக்க அவர்கள் கடைகள்தான், கூட்டிப் போய் இட்லி வாங்கிக் கொடுத்துத்தான் விட்டார். பயந்தால் எந்த மொழி வாயில் வருகிறதோ அதிலேயே கத்துங்கள், இங்கிலீஷைத் தேட வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன். நர்ஸாக துபாய் போனேன். ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, அங்கே போய்க் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது இன்னொன்று. ஃபைலுக்கு வேண்டும் என்று பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க அந்த நாட்டுச் சட்டத்திலேயே இடமில்லை. இதை எனக்குச் சொன்னது பக்கத்துக் கட்டில் மலையாளி சேச்சி. அவரோடு போய்க் கேட்டேன். அடுத்த நாளே கொடுத்தார்கள், கேட்காமல் இருந்திருந்தால் இரண்டு வருடமும் அவர்கள் அலமாரியில்தான் இருந்திருக்கும். சம்பள விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஒப்பந்த நகலை ஊரிலேயே வாங்கி வைக்காதது என் தவறு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மற்றபடி அந்த ஊரில் ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக வர நான் பயந்ததே இல்லை. மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி, ஆண் ஏறினால் 100 திர்ஹம் அபராதம். ரோஸ் கலர் கூரை போட்ட டாக்ஸியை ஓட்டுவதும் பெண்தான்.

ஆற்காட்டிலிருந்து

எனக்கு 61 வயது. சிகாகோவில் மகள் பிரசவத்துக்காகத் தனியாகப் போனேன், தோஹாவில் விமானம் மாற வேண்டும். வீல் சேர் போட்டுவிடட்டுமா என்றார் மாப்பிள்ளை. பாஷை தெரியாததற்காக வீல் சேர் கேட்கிறவர்கள் நிறைய, குறை சொல்லவில்லை. ஆனால் நடக்கிற காலை வைத்துக்கொண்டு நான் எதற்கு உட்கார வேண்டும்?

தோஹாவில் ஒரு பெரிய மஞ்சள் கரடி பொம்மை இருக்கிறது, வீடு உயரம், தலையில் விளக்கு சொருகியிருக்கும். "இறங்கினதும் செக்கிங் முடிச்சிட்டு, கரடி தெரியிற வரைக்கும் நேரா வாம்மா. கரடியைப் பார்த்துட்டா பாதி அமெரிக்கா வந்த மாதிரி" என்று மகள் அட்டையில் தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கரடியைப் பார்த்ததும் அப்படி ஒரு தெம்பு. அங்கேயே உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, அட்டையைப் பார்த்து அடுத்த கேட்டைக் கண்டுபிடித்தேன்.

சிகாகோவில் ஆபீஸர் கேட்டதற்கு "டாட்டர், டெலிவரி" என்றேன். சாப்பாட்டுப் பொருள் உண்டா என்றார். பொடி, அப்பளம், வடகம் எல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சொருகிவிட்ட கறிவேப்பிலையையும் எடுத்துக் காட்டினேன். அது அந்த நாட்டுக்குள் கூடாதாம், எலுமிச்சை மரங்களுக்கு நோய் வரும் என்கிறார்கள். குப்பையில் போட்டார், அபராதம் இல்லை. ஒளித்து வைத்து மாட்டினால்தான் வம்பு. ஆறு மாதம் கறிவேப்பிலை இல்லாத ரசம்தான், பேத்தி அதைத்தான் ரசம் என்று நினைத்திருப்பாள்.

காட்பாடியிலிருந்து, மறுபடியும்

எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மெட்ரோ, கயிறு, பாஸ்போர்ட் எதற்கும் வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நம்ம பொண்ணு போற வழில அந்தக் கரடி இருக்கா?"

இல்லைம்மா, இவள் அபுதாபி வழியாகப் போகிறாள் என்றேன்.

"அப்போ அங்க எங்க நிக்கச் சொல்றது?"