ஒரே ஜோடி ஃபின் எல்லாத் தண்ணீருக்கும் தாங்குமா?

ஸ்கூபா டைவிங்குக்கு ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்குவதில் ஒரு குழப்பம். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

இதுவரை வெதுவெதுப்பான, அமைதியான கடலில் மட்டுமே இறங்கியிருக்கிறேன். வெறுங்காலில் மாட்டும் ஃபின், நடுவில் பிளந்த ரகம். முட்டிக்கு இதம். போன முறை எதிர் நீரோட்டத்தில் மாட்டியபோதுதான் அதன் வண்டவாளம் தெரிந்தது. எவ்வளவு உதைத்தும் கண்ணெதிரே இருந்த பவளப்பாறை அப்படியே நின்றது. கெண்டைக்கால் வேறு பிடித்துக்கொண்டது. கூட வந்தவர்தான் ஃபின் நுனியைப் பிடித்துக் காலை நீட்டிவிட்டார்.

அப்புறம், அடுத்ததாகக் குளிர்ந்த நீரிலும் இறங்கப்போகிறேன். 5 மி.மீ. பூட்ஸ் போட்டால் இந்த ஃபினுக்குள் கால் நுழையாது. ஆக, குதிகாலில் பட்டை வைத்ததுதான் வேண்டும். அதுவரை தெளிவு.

குழப்பம் இதுதான்: சேறு கிளம்பும் இடங்களில் தவளை உதைக்கு (தவளை போலக் காலைப் பக்கவாட்டில் விரித்து உதைப்பது), குட்டையான விறைப்பான ரப்பர் ஃபின்தான் சரி என்கிறார்கள். அது நீரோட்டத்திலும் கைகொடுக்குமா? கனமாக இருக்கிறதே, வெட்சூட்டோடு (குளிர் தாக்காமல் போடும் ரப்பர் உடை) போட்டால் கால் கீழே தொங்கிவிடாதா? இல்லை, நீளமான பிளாஸ்டிக் ஃபினே போதுமா?

இரண்டையும் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பட்டைக்கு ரப்பரா ஸ்பிரிங்கா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.