கோயில் மதிலிலிருந்து 84 மீட்டரில் வீடு: இடித்துக் கட்டலாமா?

பழைய லைன்மேன்:

வணக்கம். எங்கள் வீடு கங்கைகொண்டசோழபுரத்தில். கோயில் மதிலிலிருந்து நானே டேப் பிடித்து அளந்தேன், 84 மீட்டர். அப்பா 1971-ல் கட்டிய ஓட்டு வீடு. மேற்குச் சுவர் விரிசல் விட்டு நிற்கிறது, உத்தரம் ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது. "இடிச்சுட்டு மாடி வெச்சுக் கட்டுங்கப்பா, பணம் நான் அனுப்பறேன்" என்கிறான் திருப்பூரில் இருக்கும் மகன். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நூறு மீட்டருக்குள் ஒரு செங்கல் அடுக்கக் கூடாது, ஜெயில் என்று பயமுறுத்திவிட்டுப் போனார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வேறு மாதிரி சொல்கிறார்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் யார் வந்து இடிக்கப் போகிறார்கள் என்று. இரண்டு பேச்சும் எனக்குச் சரிப்படவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இரண்டாவது, தெருவில் சாக்கடை கிடையாது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் வாசலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அதற்கும் அதே நூறு மீட்டரைத்தான் காரணம் சொல்கிறார்கள். உண்மையா?

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்கள் மாட்டுக்கொட்டகையின் பின்சுவரில் இருப்பது இந்தக் காலத்துச் செங்கல் இல்லை. அகலமாக, தட்டையாக, கையில் எடுத்தால் கனக்கும். அப்பா காலத்தில் வயலை உழும்போது வந்தவற்றைப் பொறுக்கி வந்து அடுக்கினார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இதெல்லாம் சாதாரணம். சுவரை இடித்தால் அந்தக் கல்லை என்ன செய்வது? கழிவறைத் தொட்டிக்குப் பள்ளம் வெட்டும்போது கீழே ஏதாவது தட்டுப்பட்டால் யாரிடம் சொல்வது?

நான் 31 வருஷம் லைன்மேனாக இருந்தவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கம்பம் நட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று எல்லாப் பக்கமும். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், கோட்டை எங்கே, ஆயுதச்சாலை எங்கே, காவல்காரர்கள் குடியிருந்தது எங்கே என்று. ஒரு கம்பத்துக்கு ஐந்தடிக் குழி வேண்டும். கடப்பாரை 'டங்' என்றால் பாறை, 'சொத்' என்றால் களிமண். அந்த இரண்டும் இல்லாமல் ஒரு சத்தம் வரும், மண்ணுக்குள் மரப்பெட்டியைத் தட்டின மாதிரி. செங்கல் வரிசை. அப்படி வந்தால் நாங்கள் செய்தது ஒன்றுதான்: அரை கஜம் தள்ளி வேறு குழி. யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அதனால் எனக்கு ஒரு சந்தேகம். சட்டம் கோயிலிலிருந்து மீட்டர் கணக்கில் அளக்கிறது. ராஜேந்திரனுடைய ஊரோ கோயிலோடு முடியவில்லை, அரண்மனை இருந்த மாளிகைமேடே இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நடுவில் எத்தனையோ வயலும் மனையும். அங்கெல்லாம் ஜேசிபி பத்தடி தோண்டினால் எட்டிப் பார்க்க ஆள் இல்லை, என் ஓட்டு வீட்டுச் சுவரைப் பூசுவதற்கு மட்டும் அனுமதியா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கட்டட வரைவாளர், அரியலூர்:

ஐயா, உங்கள் கொத்தனார் பாதி சரி, பக்கத்துத் தெருக்காரர் முழுக்கத் தப்பு. அவர் பேச்சைக் கேட்காதீர்கள். தடைப் பகுதியில் கட்டினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே விதிக்கலாம் என்று பழைய நினைவுச்சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் காக்கும் மத்தியச் சட்டத்தின் 2010 திருத்தத்தில் தெளிவாக இருக்கிறது.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி, அங்கே அனுமதி வாங்கித்தான் கட்டலாம். எல்லை என்பது கோபுரமோ விமானமோ இல்லை, பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த நிலத்தின் விளிம்பு. ஆகவே மதிலில் டேப் வைத்து நீங்கள் எடுத்த 84 அங்கே செல்லாமல் போகலாம், குறையவும் வாய்ப்பு உண்டு.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. வீடு 1992 ஜூன் 16-க்கு முன்னால் கட்டியது. நூறு மீட்டர், 200 மீட்டர் என்ற அறிவிப்பு வந்த நாள் அது. அதற்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் தகுதி அதிகாரியிடம், அதாவது இந்த அனுமதிக்கென்றே அரசு நியமித்த அதிகாரியிடம், அனுமதி கேட்கலாம். அவர் அதைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்புவார், ஆணையம் பரிந்துரை தரும். ஆனால் 'பழுது பார்த்தல்' என்ற சொல்லுக்குள் இடித்துக் கட்டுவது வராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. மகனிடம் மாடியை மறந்துவிடச் சொல்லுங்கள். விரிசல் சுவரைச் சரிசெய்யலாம், கூரையை மாற்றலாம், உள்ளே கழிப்பறை எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் வரைபடத்தோடு கேளுங்கள். 1992-க்கு முன்பே வீடு இருந்தது என்று காட்டப் பழைய வீட்டுவரி ரசீதையும் மின்சார அட்டையையும் தேடி எடுத்து வையுங்கள். லைன்மேன் வீட்டில் பழைய கரண்ட் பில்லுக்கா பஞ்சம்!

சாக்கடை விஷயத்தில் உங்களுக்குச் சொன்னது தவறு. அந்தச் சட்டத்தில் 'கட்டுமானம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே சில வேலைகளைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்: வடிகால் அமைப்பது, அதைச் சுத்தம் செய்வது, பொதுக் கழிப்பறை, பொதுமக்களுக்கான குடிநீர் வேலை, மின் விநியோகம். இவை தடைக்குள் வராது. நீங்கள் நட்ட கம்பமெல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் தோண்டலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'நூறு மீட்டர், அதனால் சாக்கடை முடியாது' என்று ஒருவர் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள்.


மீன்சுருட்டிப் பையன்:

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், ஆனால் ஊர்ப்பக்கத்துக்காரன். அண்ணா, இந்தச் சட்டமெல்லாம் ஏழைகளுக்குத்தான். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலையைப் பாருங்கள், பனையபுரத்தில் தேவாரப் பாடல் பெற்ற கோயிலே சாலை அளவுக்குள் வந்தது. ஊர் கூடிக் கத்தின பிறகுதான் வேறு வழி யோசித்தார்கள். மத்திய அரசின் பொதுவேலைகளைத் தடைப் பகுதிக்குள் அனுமதிக்கலாம் என்று ஒரு மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறினதும் தெரியும்தானே? நல்ல வேளை, சட்டமாகவில்லை. பெரிய வேலைக்கு வழி விடப் பார்க்கிறார்கள், உங்கள் மாடிக்குக் கிடையாது.

எனக்கு என்னவோ இது வெள்ளைக்காரன் போட்டு வைத்த பழக்கம் என்று தோன்றுகிறது. பழசைப் பூட்டி வேலி போட்டு வை, ஜனங்களைத் தள்ளி நிறுத்து. நம் ஆட்கள் கோயிலோடு சேர்ந்துதானே வாழ்ந்தார்கள்?


பழைய லைன்மேன்:

வரைவாளர் தம்பிக்கு ரொம்ப நன்றி. வீட்டுவரி ரசீது 1978-லிருந்து இருக்கிறது, டிரங்குப் பெட்டியில்.

மீன்சுருட்டித் தம்பி, உன் கோபம் புரிகிறது. ஆனால் வெள்ளைக்காரன் எங்கள் ஊரில் வேலி போடவில்லை, மதிலையே பெயர்த்தான். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது கல் வேண்டியிருந்தது. நம் கோயிலைச் சுற்றி நின்ற கருங்கல் மதிலைத்தான் கழற்றி வண்டியேற்றினார்கள். சிற்பக் கல்லும் அதோடு போயிற்று. ஊர்க்காரர்கள் முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்கள் என்று அந்த நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்களாம். கட்டவில்லை என்றும் அதே குறிப்பில் இருக்கிறது.

சின்ன வயதில் கீழணை இருக்கும் அணைக்கரைக்குப் போகும்போதெல்லாம் தாத்தா "இது நம்ம கோயில் கல்லுடா" என்று மதகைத் தொட்டுக் காட்டுவார். எந்தக் கல் என்று அவருக்கும் தெரியாது, சும்மா எல்லாவற்றையும் தொடுவார். எனக்கோ அந்த அணைமேல் கோபமே வந்ததில்லை. எங்கள் மாமா வீட்டு நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தது. நீ சென்னையில் குழாயைத் திறக்கிறாயே, 2004-லிருந்து வீராணம் தண்ணீர் அங்கே வருகிறது. வீராணத்துக்குத் தண்ணீர் வடவாறு வழியாகக் கீழணையிலிருந்துதான். எங்கள் மதிலைத் தாண்டி வந்த தண்ணீரைத்தான் நீ குடிக்கிறாய்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அணைக்கும் இப்போது 190 வயது நெருங்குகிறது. இன்றைக்கு ஒருவர் புதுப்பாலத்துக்காக அதை இடிக்கிறேன் என்று வந்தால் நானே போய் நிற்பேன். வீராணமும் சோழர் வெட்டியதுதான், எங்கள் ஊர் ஏரி பொன்னேரியும் அப்படித்தான். கங்கைத் தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்று ராஜேந்திரன் செப்பேட்டில் எழுதி வைத்த சோழகங்கம் அது. கோயிலுக்கு நூறு மீட்டர் இருக்கிறது. அந்த ஏரிக்கரையைச் சுற்றி எத்தனை மீட்டர் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


கல்வெட்டு டீச்சர்:

லைன்மேன் அண்ணாவின் குழிச் சத்தத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறேன், விடுமுறையில் கல்வெட்டுப் படிப்பேன்.

மூன்றாவது கேள்விக்கு: கொட்டகைச் சுவரை இடிக்காமல் விட முடியுமானால் விடுங்கள், அதுதான் நல்லது. இடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் சுவரை நேராக நின்று போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் குறியுங்கள். எந்த வயலிலிருந்து வந்தது என்று அப்பாவோ சித்தப்பாவோ சொன்ன ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்த வயலின் பெயர் கல்லைவிட முக்கியம். மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. எங்கே, எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் என்று தெரிவதால்தான் அவற்றுக்கு மதிப்பு. இடம் தெரியாத செங்கல் வெறும் செங்கல்.

பள்ளத்தில் செங்கல் வரிசை தட்டினால் நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள், நகல் வாங்கிக்கொள்ளுங்கள். காசு, நகை, சிலை மாதிரி ஏதாவது வந்தால் கலெக்டருக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தாலே சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய்! டீ கூட வராது.

மீட்டர் கணக்கு பற்றி நீங்கள் சொன்னது சரிதான் அண்ணா. நாடு முழுக்க மத்தியப் பாதுகாப்பில் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன, குன்றின் மேல் இருக்கும் சமணக் குகைக்கும் ஊர் நடுவில் இருக்கும் கோயிலுக்கும் ஒரே நூறு மீட்டர். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகத் துணைவிதிகள் எழுத வேண்டும் என்று 2010 திருத்தமே சொல்கிறது. அதை ஒழுங்காக எழுதினால் உயரத்துக்கு ஒரு விதி, ஆழத்துக்கு ஒரு விதி என்று வைக்கலாம். நூறு மீட்டரை எடுத்துவிடலாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது மோட்டாத் தடிதான், ஆனாலும் கையில் இருப்பது அது ஒன்றுதான். இல்லாவிட்டால் 180 அடி விமானத்துக்குப் பக்கத்தில் ஐந்து மாடி லாட்ஜ் நின்றிருக்கும்.

ஒரு வேண்டுகோள். 31 வருஷத்தில் செங்கல் சத்தம் கேட்ட குழிகள் எவை என்று ஞாபகம் இருக்கிறதா?


பழைய லைன்மேன்:

டீச்சர் அம்மா, எல்லாக் குழியும் ஞாபகம் இல்லை. ஆனால் கம்பத்துக்கு நம்பர் உண்டே. நேற்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உட்கோட்டைப் பக்கம் போனேன். கம்பத்தைப் பார்த்தால் குழி ஞாபகம் வருகிறது. எந்தக் கம்பம் அரை கஜம் விலகி நிற்கிறதோ அது. வரிசை நேராக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒன்று மட்டும் தள்ளி நிற்கும். அப்போது எங்கள் இன்ஜினீயர் 'கண்ணு தெரியலையாய்யா' என்று திட்டினார்.

பதினொன்று குறித்திருக்கிறேன். இரண்டில் சந்தேகம், அதைத் தனியாக எழுதியிருக்கிறேன். மூன்று இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள், அங்கே சீக்கிரம் யாராவது பார்த்தால் தேவலை. நோட்டை எங்கே கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

வீட்டுக்கு, பழுதுபார்க்க மட்டும் விண்ணப்பம் போடலாம் என்று மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிப்பா, பாத்ரூமாவது நல்லா கட்டுங்க" என்றான். வரைவாளர் தம்பி, ஞாயிற்றுக்கிழமை அரியலூர் வந்தால் படம் போட்டுத் தர முடியுமா? சாக்கடைக்கு மனு எழுதிவிட்டேன். வடிகால் பற்றிய அந்த வாசகம் சட்டத்தில் எந்தப் பிரிவில் வருகிறது என்று மட்டும் சொன்னால் அதையும் சேர்த்துவிடுவேன்.


கட்டட வரைவாளர், அரியலூர்:

பிரிவு 2-ல் விளக்கங்கள் இருக்கும் இடத்தில், 'கட்டுமானம்' என்ற சொல்லுக்குக் கீழே. அந்தப் பத்தியை அப்படியே மனுவில் எழுதுங்கள். ஞாயிறு பத்து மணிக்கு மேல் வாருங்கள் ஐயா. மூல ரசீதை வீட்டில் வைத்துவிட்டு நகல் எடுத்து வாருங்கள்.