கொடைக்கானல் காட்டேஜில் பத்துப் பேருக்கு மூன்று இரவுச் சாப்பாடு: எளிதாகச் சமாளிப்பது எப்படி?

திருச்சி_வாசகி எழுதியது:

வணக்கம். கல்லூரித் தோழிகளும் அவர்களுடைய குடும்பத்தாருமாகப் பத்துப் பேர், வரும் மாதம் ஒரு வெள்ளி முதல் திங்கள் வரை, கொடைக்கானலில் வில்பட்டி செல்லும் வழியில் ஒரு காட்டேஜில் தங்க இருக்கிறோம். காலை உணவை அங்குள்ள பராமரிப்பாளர் செய்து தருவார். மதியம் போகும் இடத்தில் பார்த்துக்கொள்வோம். இரவுச் சாப்பாடு மட்டும் எங்கள் பொறுப்பு. இரண்டு பர்னர் அடுப்பும், ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றும், சிறிய ஃபிரிட்ஜும் இருப்பதாகச் சொன்னார்கள். எங்களில் நான்கு பேர் சைவம். ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. பகலெல்லாம் சுற்றிவிட்டு வந்த பிறகு, ஒருவர் மட்டும் இரவு பத்து மணி வரை அடுப்படியில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. அந்த ஒருவர் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன் என்பதால் இப்போதே கேட்டுவிடுகிறேன். தோசை மாவு கொண்டுபோனால் வேலை மிச்சமாகுமா?

கொங்கு_அடுப்படி எழுதியது:

தோசை மாவு வேண்டாம் என்பேன். வீட்டிலேயே நன்றாகப் புளிக்கவைத்து எடுத்துச் சென்றாலும், ஒரே கல்லில் பத்துப் பேருக்கு ஊற்றி முடிப்பதற்குள் முதலில் சாப்பிட்டவருக்கு மறுபடி பசித்துவிடும். ஊற்றியவரோ கடைசியில் ஆறிய சட்னியோடு தனியாக உட்கார வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று, கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது. பானை எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆகவே திறந்த பாத்திரத்தில் அரிசி வேக வெகுநேரம் பிடிக்கும், பருப்பு கரையவே கரையாது. குக்கரில் வைத்தாலும் வீட்டில் விடுவதைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விட வேண்டும். அரிசி பருப்புக் கலவையைப் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால், ஐந்து லிட்டர் குக்கரில் அரை கிலோவுக்கு மேல் போட முடியாது. பத்துப் பேருக்கு ஒரு கிலோ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு முறை வைக்க வேண்டிவரும். எனவே ஊரிலிருந்து பத்து லிட்டர் குக்கர் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு போவதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஒரே பெரிய ஏற்பாடு, மற்றவையெல்லாம் சில்லறை.

வெள்ளி இரவு மலையேறிக் களைத்து வருவீர்கள், சிலருக்கு வளைவுகளில் தலைசுற்றியும் இருக்கும். அன்று சமைக்கவே வேண்டாம். வீட்டிலிருந்து சப்பாத்தியும் நல்லெண்ணெயில் நன்றாகச் சுண்டவைத்த தக்காளித் தொக்கும் எடுத்துச் சென்று, அங்கே மிளகு ரசம் மட்டும் வைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். அந்தக் குளிரில் வேறு எதையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சனி இரவுக்குச் சீரகச் சம்பாவில் குஸ்கா செய்யலாம். அது பெரிய குக்கரில் வேகும்போதே அடுத்த பர்னரில், சைவக்காரர்களுக்காகச் சிறிய குக்கரில் பட்டர் பீன்ஸ் குருமாவை முதலில் முடித்து இறக்கிவிட்டு, பிறகு கோழிக் குழம்பை ஏற்றுங்கள். சோறு பொதுவாக இருப்பதால் இரட்டைச் சமையல் என்ற தொல்லை இல்லை. குழம்புக்கு வேண்டிய வெங்காயம் தக்காளியை வீட்டிலேயே வதக்கி அரைத்து, உறையவைத்து எடுத்துச் செல்லுங்கள்; வண்டியில் மெதுவாக இளகினாலும் போய்ச் சேர்ந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் இரவு வரை தாங்கும். ஞாயிறு இரவுக்கு எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம்: 750 கிராம் அரிசிக்கு 250 கிராம் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளமும் தயிரும். தாளித்து மூடிவிட்டால் பிறகு யாரும் அடுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை.

நிலக்கடலை ஒவ்வாமை இருப்பதால் மூன்று நாளும் கடலை எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். கடையில் வாங்கும் புளிக்காய்ச்சல், பொடி வகைகளிலும் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பார்த்த பிறகே எடுத்துச் செல்லுங்கள்.

மலைப்பூண்டு எழுதியது:

நான் கொடைக்கானலிலேயே வளர்ந்தவன். மேலே சொன்ன திட்டம் சரிதான்; ஆனால் காய்கறியைச் சமவெளியிலிருந்து சுமந்து வராதீர்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டர் பீன்ஸ் எல்லாம் இங்கேயே புதிதாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும் என்பதால் அன்றைய இரவுக்கு வேண்டியதை அங்கேயே வாங்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பூண்டைத்தான் அரிசிம்பருப்பில் போட வேண்டும் என்பது என் பிடிவாதம். காரம் அதிகம், ஆகவே வழக்கமான அளவில் பாதி போதும். கோழியை மட்டும் சனிக்கிழமை பகலிலேயே டவுனில் வாங்கி வைத்துவிடுங்கள். இருட்டிய பிறகு இறங்கிவந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் இங்கே கல்லாக உறைந்துவிடும், அதற்காகப் பதற வேண்டாம். மீந்த சோற்றையும் காய்த்தோலையும் வாசலில் கொட்டாதீர்கள்: காட்டெருமைகள் குடியிருப்புகளுக்குள் சாதாரணமாக வந்துபோகும் ஊர் இது. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் குடம் ஒன்றையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சமையல் குறிப்புகளை இருவரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் கேள்வி கேட்டவரின் உண்மையான கவலை, யார் நிற்பது என்பதல்லவா? "எல்லாரும் சேர்ந்து செய்யலாம்" என்று பேசிவிட்டுப் போனால், ஒருவர் வெங்காயம் நறுக்குவார், நால்வர் வாசலில் நின்று உப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரவுக்கு இருவர் என்று பெயர் போட்டு முடிவு செய்துவிடுங்கள். அன்று அடுப்படி அந்த இருவருக்கு மட்டுமே சொந்தம். பாத்திரம் கழுவுவது முந்தைய இரவு சமைத்தவர்களைத் தவிர்த்து, அன்று சும்மா இருந்தவர்கள் பாடு. கறிக்கான செலவைத் தனியாக எழுதி, சாப்பிடும் ஆறு பேருக்குள் மட்டும் பிரித்துவிடுங்கள். தொகை சிறியதுதான், ஆனாலும் சைவம் சாப்பிடும் தோழி வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கணக்கு அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாராவது ஒருவர் கட்டாயம் பார்பிக்யூ போடலாம் என்று கிளப்புவார். போடுவதானால் திறந்த வெளியில் போடுங்கள். குளிர்கிறதே என்று கரி அடுப்பை அறைக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ கொண்டுவந்து வைத்தால், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாமல் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அணைந்துவிட்டது போலத் தெரியும் கங்கும் அப்படித்தான்.

திருச்சி_வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தோசை மாவைக் கைவிட்டுவிட்டேன். பத்து லிட்டர் குக்கருக்கு அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெயர்ப் பட்டியலையும் குழுவில் போட்டாயிற்று. சனி இரவுக்கு என் கணவரும் அவருடைய நண்பரும் மாட்டியிருக்கிறார்கள். குஸ்காவுக்குத் தண்ணீர் அளவு மட்டும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

கொங்கு_அடுப்படி எழுதியது:

அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து வடித்துவிட்டு, ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் விடச் சொல்லுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்தால் அந்த அளவையும் இதற்குள்ளேயே கணக்கில் கொள்ள வேண்டும். விசில் வந்த பிறகு பத்து நிமிடம் சிறுதீயில் வைத்து, ஆவி தானாக அடங்கிய பின்பே திறக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.