ஓவர்ஸ்கேன்: மிகைவருடலா, ஓரமறைப்பா?

அன்புடையீர்,

தொலைக்காட்சி படத்தின் ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளி மறைத்துவிடுவதை ‘ஓவர்ஸ்கேன்’ என்கிறார்கள். நம் கையேட்டில் அதற்கு ‘மிகைவருடல்’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ‘ஸ்கேனர்’ வருடியாகிவிட்ட பிறகு இச்சொல்லின் அமைப்பில் குற்றம் காண இடமில்லை. (இன்னொருவர் சொன்ன ‘மிகையலகிடல்’, யாப்பு படித்தவர்களை வெண்பாவுக்குச் சீர் பிரிக்க அனுப்பிவிடும்.) ஆயினும், வீட்டில் தயாரித்த டிவிடியைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, படத்தின் ஓரம் எங்கே போயிற்று என்று குழம்பி நிற்பவருக்கு இச்சொல் எதையும் உணர்த்தாது என்பதே என் தயக்கம்.

நான் செய்த வட்டு ஒன்றில் இடது ஓரத்தை ஒட்டி ‘கொண்டாட்டம்’ என்று தலைப்பிட்டிருந்தேன். கணினியில் சரியாகவே இருந்தது. தொலைக்காட்சியிலோ கொம்பு மட்டும் சட்டத்துக்குப் பின்னால் போய்விட, ‘காண்டாட்டம்’ என்று நின்றது. மென்பொருளைக் குறை சொல்லி மேலும் இரண்டு வட்டுகளை வீணாக்கிய பிறகே கோளாறு வட்டில் இல்லை என்பது புரிந்தது.

படக்குழாய்த் தொலைக்காட்சியில் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலோ உறுப்புகள் பழசானாலோ படத்தின் அளவு சற்றே மாறும்; அப்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்துவிடாதிருக்க, எலக்ட்ரான் கற்றை திரையின் தெரியும் பகுதியையும் தாண்டி வரையுமாறு அமைத்தார்கள். அங்கே ‘மிகைவருடல்’ முற்றிலும் பொருந்தும். தட்டைத் திரையில் கற்றையே இல்லை. ஆனாலும் பல தொலைக்காட்சிகள் பழைய வழக்கத்தை விடாமல் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளிவிடுகின்றன. ஆகவே செயல்முறையை விட்டுவிட்டு விளைவுக்குப் பெயரிடுவோம்: ‘ஓரமறைப்பு’.

‘விளிம்புவெட்டு’ இன்னும் எளிது என்று சிலர் கருதலாம். ஆனால் ‘வெட்டு’ நமக்கு ‘கிராப்’ என்பதற்கு வேண்டும். வெட்டினால் பிக்சல்கள் கோப்பிலிருந்தே போய்விடும். மறைத்தால் அவை வட்டில் அப்படியே இருக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிட்டால், படிப்பவர் முதலில் தொலைக்காட்சியின் பட அமைப்புப் பட்டியலைத் திறந்து படத்தை ஓரம் மறையாமல் காட்டும் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற தெரிவு இருக்கிறதா என்று பார்ப்பார்.

அது இல்லையென்றால் வட்டைத்தான் மாற்றியமைக்க வேண்டும். அதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘கருங்கரை’. சேலைக்கும் வேட்டிக்கும் உள்ள கரைதான். படத்தைச் சற்றுச் சுருக்கிச் சுற்றிலும் கறுப்பாக ஒரு கரை கட்டிவிட்டால், தொலைக்காட்சி விழுங்குவது அந்தக் கரையை மட்டுமே. ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்கான டிவிடியின் முழுப்படம் 720×576 பிக்சல். பக்கத்துக்கு 5 விழுக்காடு மறைவதாகக் கொண்டால் இடமும் வலமும் 36, மேலும் கீழும் ஏறத்தாழ 29 பிக்சல் கரை வேண்டும். எனினும் டிவிடியில் படத்தைச் சுருக்கிப் பதியும் எம்பெக்-2 முறை அதை 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், பக்கவாட்டில் 4 பிக்சல் குறைந்தாலும் நாற்புறமும் 32 பிக்சல் கரை விட்டுப் படத்தை 656×512 ஆக்குவதையே நான் விரும்புவேன். அப்போது கறுப்பும் படமும் ஒரே கட்டத்துக்குள் கலவாமல் எல்லை துப்புரவாக நிற்கும். அகல உயர விகிதம் இரண்டரை விழுக்காடு பிசகுவது கண்ணுக்குப் படாது. அதே வட்டைக் கணினியில் போட்டால் கருங்கரை முழுவதும் தெரியும் என்பதைக் கையேட்டில் எச்சரித்துவிடுவது நல்லது.

ஓரம் மறைந்தாலும் மறையாமல் நிற்கும் படத்தின் உட்பகுதியே ‘சேஃப் ஏரியா’. அதற்குச் சொல்லப்பட்ட ‘காப்புப்பகுதி’, எதைக் காக்கிறது என்று கேட்க வைக்கிறது. எந்தப் பெட்டியிலும் தெரிந்தே தீரும் பரப்பு என்பதால் ‘தெரிபரப்பு’ எனலாம். அகலத்திலும் உயரத்திலும் 90 விழுக்காட்டுக்குள் முக்கிய அசைவுகளும் 80 விழுக்காட்டுக்குள் எழுத்துகளும் அடங்க வேண்டும் என்பது படக்குழாய்க் கால வழக்கு. அவற்றை முறையே ‘காட்சித் தெரிபரப்பு’, ‘எழுத்துத் தெரிபரப்பு’ என்று பிரிக்கலாம். என் கொம்பு இந்த இரண்டுக்கும் வெளியே இருந்தது.

‘மிகைவருடல்’ பக்கம் ஒரு வலு இருப்பதை மறுக்கவில்லை: இதற்கு நேரெதிராக, ஓரமும் தெரியப் படத்தைச் சுருக்கிக் காட்டும் ‘அண்டர்ஸ்கேன்’ வந்தால் ‘குறைவருடல்’ தானாகவே அமைந்துவிடும். ஓரமறைப்புக்கு இணையாக ‘ஓரத்தெரிவு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘தெரிவு’ என்றதும் பலருக்குத் தேர்ந்தெடுத்தல்தான் நினைவுக்கு வருகிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் தக்க சொல் இருந்தால் தெரிவியுங்கள். மற்ற மூன்றையும் கையேட்டில் சேர்த்துவிடலாம்.